கழுத்துப்பட்டியின் உட்புறம்

கிரான் பாலத்துக்கு மேலால் தண்ணி போகுது.
அங்கால் போக உழவு இயந்திரம்தான்,
அதுவும் ஆறு மணிக்கு முன்னம்.
பள்ளிக்கூட மண்டபத்தில் நூற்றிப் பன்னிரண்டு மூட்டை.
ஓட்டமாவடியில் இருந்து நஃப்ரிஸ்
கோழித்தீன் சாக்குகளில் கட்டிவந்தவை
இன்னும் அவிழ்க்கவில்லை.

என் வேலை பிரிப்பது.
ஆண், பெண், குழந்தை, ஒற்றைச் சப்பாத்து.
ஒற்றைச் சப்பாத்துக்கும் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம்,
ஏனென்று எவருக்கும் தெரியாது.

முதலில் பைகளுக்குள் கை விடுவேன்.
பஸ் டிக்கெட். பனடோல் அட்டையில் மிச்சம் இரண்டு.
ஒருமுறை நாலாய் மடித்த ஆயிரம் ரூபாய்.
மறந்ததா வைத்ததா என்று
பிறேமளா அக்காவும் நானும் அரை மணி வாதாடி
பால்மாவுக்குப் போட்டோம்.
கூறைச்சேலை ஒன்றும் வந்தது,
மடிப்புக் குலையாமல்.
அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

மறுகா, பிளேட்டை எடுப்பேன்.
கழுத்துப்பட்டியின் உட்புறம் பெயர் இருந்தால்
ஒவ்வொரு தையலாக வெட்டுவேன்.
"நேரம் போகுது பிள்ள,
வெள்ளத்துக்குள்ள நிக்கிறவள் எழுத்தையா பாக்கப்போறாள்?"
பாப்பாள், அக்கா.

நான் பார்த்தேன்.
நாவலடி வீட்டைக் கடல் எடுத்ததற்கு அடுத்த மாதம்,
சீருடை இல்லாத பிள்ளைகள்
கலர் சட்டையோடு வரலாம் என்றார்கள்.
எனக்குப் பச்சைச் சட்டை. வெள்ளைப் பொத்தான்.
இரண்டாம் பாடத்தில் ஜெனிற்றா திரும்பிப் பார்த்து
"ஐ, அது என்ட சட்டை" என்றாள்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.
"எனக்குச் சின்னனாப் போச்சு, உனக்கு வடிவா இரிக்கு."
பட்டியைப் புரட்டி ரீச்சருக்கும் காட்டினாள்:
சிவப்பு நூலில் ஒரு ஜெ.
நல்ல பிள்ளை.
அதனால்தான் இன்றுவரை
எனக்குக் கோபிக்க ஆளில்லை.

மற்றச் சட்டை காய மூன்று நாள் எடுக்கும் மழை.
பச்சையைத்தான் போட்டேன்,
பின்கழுத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு,
வருசம் முழுக்க.
பேன் கடிக்குதா என்றாள் அம்மா.
ஓம் என்றேன்.
தலைக்கு வேப்பெண்ணெய் வைத்தாள்.

நூலை வெட்டுவது சுகம்.
துளைகள்தான் போகாது.
நூல் போன பிறகும் துளை துளையாய்
ஒரு தாய் தைத்த பெயர் நிற்கும், வாசிக்கலாம்.
தண்ணீர் தொட்டு
நகத்தால் குறுக்கும் நெடுக்கும் தேய்க்கவேண்டும்.
இழை மெல்ல நெருங்கி மூடிக்கொள்ளும்.
விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கித் தைத்திருப்பாள்.
அவளிடம் என்ன சொல்வது?

நாலரைக்கு ஒரு சங்கத்தார் வந்தார்கள்.
அறுபது பொதி அரிசி, ஒரு பெரிய பதாகை.
பதாகையைப் பிடிக்க இரண்டு பேர்,
படம் எடுக்க ஒருவர்,
அரிசி இறக்க நஃப்ரிஸ்.
"வாங்குற ஆக்கள் ஒருத்தர் நில்லுங்கோ."
வாங்குகிற ஆட்கள் எல்லோரும் பாலத்துக்கு அங்கால்.
"அப்ப நீங்க நில்லுங்கோ மிஸ்."
நின்றேன். அரிசி நல்ல அரிசி.
படத்தில் பாருங்கள்,
என் ஒரு கை பொதியில்,
மற்றது பின்கழுத்தில்.

உழவு இயந்திரத்தின் பெட்டியில்
மூட்டைகளுக்கு மேல் ஏறியிருந்து
அக்கரை சேர இருட்டிவிட்டது.
வரிசையில் ஏழெட்டு வயதில் ஒருத்தி.
ஊதாச் சட்டையை வாங்கினாள்.
அளவு பார்க்கவில்லை,
முகர்ந்து பார்க்கவில்லை,
பட்டியைத்தான் புரட்டினாள்.
"ஆர்ர இது?"

ரோச் லைற்றைக் கிட்டப் பிடித்தேன்.
விரலால் தடவித் தடவித் தேடினாள்.
"ஒண்டும் எழுதல்லியே" என்றாள்,
கொஞ்சம் ஏமாந்தவள் மாதிரி.
பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பேனை இரிக்கா, மிஸ்?"